கொடியில் ஒரு சட்டை

'ஆள் பாதி, ஆடை பாதி' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டாவது பாதியை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு, மிச்சமிருக்கும் பாதியோடு வாழ்ந்து காட்டுகிறோம் என்று புறப்பட்டவர்கள் உலகத்தில் அவ்வப்போது தோன்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதப் புகுந்தால் வாசகர்களில் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள்; சிலர் படம் ஏதாவது இருக்கிறதா என்று அவசரமாக அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்கள். இரு சாராருக்கும் ஏமாற்றம்தான். அவர்கள் ஆடையைக் களைந்த கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். களைந்த ஆடையை எப்போது, எதற்காக அவர்கள் மறுபடியும் எடுத்து உடுத்திக்கொண்டார்கள் என்பதுதான் என் கதை.

ஆடை எதற்கு என்று தையற்காரரைக் கேட்டால் அளவு சொல்லுவார். ஜவுளிக்கடைக்காரரைக் கேட்டால் விலை சொல்லுவார். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் மானத்துக்கு என்பார்கள். 'மானத்துக்காக உடுப்பதில்லை' என்று சபதம் செய்துகொண்ட ஒருவன் ஒரு துணியைத் தேடி எடுக்கிறான் என்றால், அப்போது அதற்கு வேறு காரணம் இருந்தே தீர வேண்டும். அந்தக் காரணம் சுத்தமான காரணம். வெட்கம், நாகரிகம், அந்தஸ்து முதலிய கலப்படம் எதுவும் அதில் கிடையாது.

நம் தேசத்துத் திகம்பரத் துறவிகளை நான் இங்கே சேர்க்கவில்லை. அவர்கள் ஆசையைத் துறக்கும் வழியில் துணியையும் துறந்தவர்கள். நான் சொல்லுகிறவர்கள் ஆசை, உத்தியோகம், குடும்பம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு துணியை மட்டும் துறந்தவர்கள். ஆனாலும் இவர்கள் தங்கள் பரம்பரையைத் தேடும்போது நம் தேசத்துக்குத்தான் வந்து நின்றார்கள். 1922-ம் வருஷம் இங்கிலாந்தில் ஏற்பட்ட ஒரு நிர்வாண சங்கத்தார் தங்களுக்கு 'ஜிம்னோசோபி' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். நிர்வாண ஞானிகள் என்று பொருள்படும் அந்தக் கிரேக்கச் சொல், மகா அலெக்ஸாந்தருடன் வந்தவர்கள் தட்சசீலத்தில் கண்ட இந்தியத் துறவிகளைக் குறிப்பது.

அந்தச் சந்திப்பை ஸ்ட்ராபோ என்ற பூகோள ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். கி.மு. 326. அலெக்ஸாந்தர் தம் ஆளான ஓனெஸிக்ரிட்டஸ் என்பவரை அனுப்புகிறார். ஊருக்கு வெளியே பதினைந்து பேர், ஒருவர் நின்றபடி, ஒருவர் உட்கார்ந்தபடி, ஒருவர் படுத்தபடி, ஆடையின்றி வெயிலில் அசையாமல் இருக்கிறார்கள். நடுப்பகலில் வெறுங்காலோடு தரையில் நடக்க யாராலும் முடியாது, அப்படிப்பட்ட வெயில். வந்தவரோ மேலங்கி, தொப்பி, பூட்சு சகிதம் நிற்கிறார். பாறைமேல் படுத்திருந்த கலானஸ் என்பவர் அதைப் பார்த்துச் சிரித்து, 'ஞானம் வேண்டுமென்றால் இதையெல்லாம் கழற்றிவிட்டு இந்தக் கல்லின்மேல் வந்து படு' என்கிறார். தூதர் தயங்குகிறார். அந்தக் கல்லில் என் தோசைக்கல்லைப் போலச் சூடு ஏறியிருக்கும்போது யார்தான் தயங்கமாட்டார்கள்? நல்லவேளையாக வயதில் மூத்த ஒரு ஞானி கலானஸைக் கடிந்துகொண்டு தூதரைக் காப்பாற்றுகிறார்.

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்தபடியாக வரும் செய்தி. தட்சசீலத்தில் பார்த்த துறவிகளில் ஒருவர் அலெக்ஸாந்தருடன் கடைசிவரை போனார். போன இடத்தில் உடை உடுத்த ஆரம்பித்தார். வாழ்க்கை முறையையும் மாற்றிக்கொண்டார். 'இதென்ன ஐயா?' என்று சிலர் குத்திக் காட்டியபோது, 'நாற்பது வருஷம் விரதம் இருப்பதாக வாக்குக் கொடுத்தேன்; நாற்பது வருஷமும் முடிந்துவிட்டது' என்று பதில் சொன்னாராம். சர்வீஸ் முடிந்து பென்ஷன் வாங்குகிறவரைப் போன்ற இந்தப் பதிலில் ஒரு குற்றவுணர்ச்சியும் இல்லை. அவருடைய நிர்வாணம் ஒரு கெடுவுக்குள் அடங்கியது. கெடு முடிந்ததும் வஸ்திரம் திரும்பி வந்துவிட்டது.

இனி ஒரேயடியாக இரண்டாயிரத்திருநூறு வருஷத்தைத் தாண்டி, பம்பாய்க்கு அருகிலுள்ள தாணாவுக்குப் போவோம். மேல்நாட்டு முறையில் அமைந்த நிர்வாண சங்கங்களில் நமக்குத் தெரிந்தவரை முதலாவது, ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ ஏற்படவில்லை; 1891-ம் வருஷம் இந்தியாவில்தான் ஏற்பட்டது. ஸ்தாபகர் சார்லஸ் எட்வர்ட் கார்டன் கிராஃபோர்டு. பம்பாய் சிவில் சர்வீஸைச் சேர்ந்தவர், டிஸ்டிரிக்ட் அண்டு செஷன்ஸ் ஜட்ஜு, மனைவியை இழந்தவர். அங்கத்தினர்கள் மொத்தம் மூன்று பேர்: அவரும், ஒரு பாதிரியாரின் பிள்ளைகள் இருவரும். சங்கத்தின் விவரங்கள் நமக்குத் தெரியவந்தது, அவர் இங்கிலாந்திலிருந்த எழுத்தாளர் எட்வர்ட் கார்ப்பெண்டருக்கு எழுதிய கடிதங்களால். அந்தக் கார்ப்பெண்டர், நம் இலங்கைத் தமிழர் பொன்னம்பலம் அருணாசலத்தின் கேம்பிரிட்ஜ் நண்பர்; அவர் அழைத்து இலங்கைக்கு வந்து ஒரு தமிழ்க் குருவின் காலடியில் உட்கார்ந்துவிட்டுப் போனவர்.

ஜட்ஜு அல்லவா? சங்கம் வைத்ததும் சட்டமும் எழுதிவிட்டார். அங்கத்தினர்கள் உடம்பில் எதுவும் இருக்கக்கூடாது. விதிவிலக்கு மூன்றே மூன்று: கைமோதிரம், மூக்குக்கண்ணாடி, பொய்ப்பல். இந்த விதியைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன், பிறகு யோசித்தேன். மோதிரம் போகட்டும், அது மனசு சம்பந்தப்பட்டது. ஆனால் கண்ணாடியும் பல்செட்டும் எப்படி உள்ளே வந்தன? இயற்கையாக இருப்போம் என்பதுதானே கொள்கை? கிட்டப்பார்வையும் பொக்கைவாயும் இயற்கை கொடுத்தவைதாமே? கண்ணாடியில்லாமல் எதிரே வருவது நண்பரா மரமா என்று தெரியாது. பல் இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. ஆகவே அனுமதித்தார். கண் மங்கியவனுக்குக் கண்ணாடி நியாயமென்றால், குளிர் தாங்காதவனுக்குப் போர்வையும், முள்ளில் நடக்கிறவனுக்குச் செருப்பும் நியாயம் என்று எந்த வக்கீலும் அந்தக் கோர்ட்டில் வாதாடி ஜெயித்திருக்கலாம். ஆள்தான் இல்லை. சீக்கிரமே ஜட்ஜுக்கு ரத்னகிரிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. சங்கம் கலைந்தது. 1894-இல் அவரும் காலமாகிவிட்டார்.

ஒன்றை மறக்கக்கூடாது. இந்த மனிதர் கோர்ட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும்போது ஜட்ஜுக்குரிய உடுப்போடுதான் இருந்திருப்பார். கழற்றி மாட்டிய உடுப்பு கொடியிலே காத்துக்கொண்டிருந்தது. இந்தக் கொடியை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பின் கனடா தேசத்தில் நடந்தது வேறு மாதிரி. ரஷ்யாவில் டூகோபார்கள் என்று ஒரு கிறிஸ்தவக் கூட்டத்தார் இருந்தார்கள். ஆயுதம் எடுக்கமாட்டோம் என்று சொன்னதற்காக ஜார் அரசாங்கம் அவர்களைப் படாதபாடு படுத்தியது. டால்ஸ்டாய் தமது 'புத்துயிர்ப்பு' நாவலின் வருமானத்தை அவர்களுடைய கப்பல் செலவுக்குக் கொடுத்தார். 1899-இல் ஏழாயிரம் பேருக்குமேல் கனடாவில் போய் இறங்கினார்கள். அவர்களுக்குள் ஒரு சிறு கோஷ்டி, ஆதாமும் ஏவாளும் இருந்த கோலமே கடவுளுக்கு உகந்தது என்று சொல்லி, 1903-ம் வருஷம் ஆண்களும் பெண்களுமாக ஆடைகளைக் களைந்துவிட்டு ஊர் ஊராக நடக்கத் தொடங்கினார்கள். சவுக்கடிக்கும் சைபீரியாவுக்கும் பயப்படாதவர்களுக்கு உபதேசம் பண்ணி என்ன பிரயோசனம்? யார்க்டன் என்ற ஊரில் குதிரைப் போலீஸார் அவர்களைப் பிடித்து ஒரு கட்டடத்தில் அடைத்தார்கள். உடுத்திக்கொள்ளச் சொன்னார்கள்; மறுத்துவிட்டார்கள்.

அங்கே இருந்த போலீஸ்காரர் ஒருவருக்கு உள்ளூர் விஷயம் தெரியும். இருட்டியதும் கதவு ஜன்னல்களைத் திறந்துவைத்து, உள்ளே விளக்கை ஏற்றி வைத்துவிட்டாராம். அந்தப் புல்வெளிப் பிரதேசத்தில் கோடைகாலக் கொசு எப்படியிருக்குமென்று அங்கிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். விடிவதற்குள் எல்லோரும் அவரவர் துணிகளை எடுத்து உடுத்திக்கொண்டுவிட்டார்கள். ஜார் சக்கரவர்த்தியால் முடியாததைக் கொசு சாதித்துவிட்டது என்று கனடா நாட்டுச் சரித்திரக்காரர்கள் இதை ரசித்துச் சொல்லுகிறார்கள்.

எனக்கு இதில் முழுச் சிரிப்பு வரவில்லை. விசுவாசத்துக்காக நாட்டையே விட்டு வந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய கொள்கையை அந்தக் கொசு மறுத்துப் பேசவில்லை. தோல் என்று ஒன்று இருப்பதை ஞாபகப்படுத்தியது, அவ்வளவுதான். தோல் ஞாபகப்படுத்தினால் தத்துவம் வழிவிடுகிறது. இதே கூட்டத்தாரின் பிற்கால நிர்வாண ஊர்வலங்களுக்காகக் கனடா அரசாங்கம் 1931-இல் தண்டனையை மூன்று வருஷமாக உயர்த்தியது. 1932-இல் ஏறக்குறைய அறுநூறு பேரை ஒரு தீவில் சிறைவைத்தது. சட்டத்தின் கடிக்கு அவர்கள் பணியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ஐரோப்பாவில் இந்த இயக்கம் வைத்தியத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. ஸ்விட்ஜர்லாந்தில் லேஸீன் என்ற மலையூரில் டாக்டர் ஒகுஸ்த் ரோலியே 1903-இல் ஓர் ஆஸ்பத்திரி திறந்தார். எலும்பு க்ஷயத்தால் முடங்கிக் கிடந்த குழந்தைகளை மாடித் தாழ்வாரங்களில் வெயிலில் கிடத்திக் குணப்படுத்தினார். ஆனால் அவர் நோயாளியைத் திடீரென்று வெயிலில் தள்ளிவிடவில்லை. முதல் நாள் பாதம் மட்டும், அதுவும் ஐந்து நிமிஷம். மறுநாள் முழங்கால்வரை. பிறகு தொடை, வயிறு, மார்பு என்று அங்குலம் அங்குலமாக, வாரக்கணக்கில் போர்வையை விலக்கினார். உடம்பு முழுவதும் வெயிலுக்குப் பழகிய பிறகும் தலையில் வெள்ளைத் தொப்பி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, இடுப்பில் ஒரு கோவணம். வெயில் மருந்து என்று நம்பியவர் அவர். மருந்து என்று நம்பியதனாலேயே அளவு பார்த்தார்.

பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற குழந்தை வைத்தியர் 1919-இல் இன்னொன்றைக் காட்டினார். அப்போது எலும்பு வளையும் கணைநோய் ஏழைக் குழந்தைகளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. குவார்ட்ஸ் விளக்கின் கண்ணுக்குத் தெரியாத ஊதாக்கதிர் பட்டதும் அந்த எலும்புகள் தேறின. தோலில் அந்தக் கதிர் பட்டால்தான் உடம்பு டி வைட்டமினை உண்டாக்கிக்கொள்கிறது என்பது பின்னால் தெளிவாயிற்று. அந்தக் காலத்துப் புகைப்படங்களில் விளக்கைச் சுற்றிக் குழந்தைகள் நிற்பதைப் பார்க்கலாம். உடம்பில் துணி இல்லை. முகத்தில் மட்டும் பெரிய பெரிய கறுப்புக் கண்ணாடிகள். விளக்கு எலும்புக்கு நல்லது, கண்ணுக்குக் கெடுதல். எங்கே விலக்க வேண்டும், எங்கே மறைக்க வேண்டும் என்று அங்கே தெரிந்திருந்தது.

அதே பெர்லினில் 1920-களில் அடால்ஃப் கோஹ் என்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியர் இருந்தார். வெயில் எட்டிப்பார்க்காத சந்துகளில், ஒரே அறையில் ஆறேழு பேர் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அவருடைய மாணவர்கள். காற்றும் வெளிச்சமும் அந்த உடம்புகளில் பட்டால் போதும் என்று நினைத்து, பெற்றோர் சம்மதத்துடன் ஆடையில்லாத தேகப்பயிற்சியை ஆரம்பித்தார். ஊரில் பெரிய அமளி. பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறித் தாமே பயிற்சிப் பள்ளிகள் வைத்தார். அங்கே டாக்டர் பரிசோதனை உண்டு, குளிப்பதற்கு ஷவர் உண்டு, ஊதாக்கதிர் விளக்கும் உண்டு. அந்த மனிதரைப் பற்றி நினைக்கும்போது எனக்குக் கேலி வரவில்லை.

கேலி வருவது சர்க்காரை நினைத்தால். 1932-இல் பிரஷ்யாவின் நிர்வாகம் ஃபிரான்ஸ் பிராஹ்ட் என்பவர் கைக்கு வந்தது. மக்களுக்கு வேலையில்லை, தெருவிலே துப்பாக்கிச் சண்டை; அவருக்கோ கவலையெல்லாம் நீச்சலுடையைப் பற்றி! பொது இடங்களில் நிர்வாணமாகக் குளிப்பதை ஆகஸ்டில் தடை செய்தார். செப்டம்பரில் மறுபடி ஓர் உத்தரவு: பெண்களின் உடை முன்புறம் மார்பையும் வயிற்றையும் முழுக்க மூட வேண்டும், முதுகில் வெட்டு தோள்பட்டை எலும்பின் அடிநுனிக்குக் கீழே இறங்கக்கூடாது, கால்கள் பிரியுமிடத்தில் ஒரு சிறு துண்டுத் துணி வைத்துத் தைத்திருக்க வேண்டும். ஜெர்மனி முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. 'இடைத்துண்டு உத்தரவு' என்று அதற்குப் பெயரே ஏற்பட்டுவிட்டது. ஆனால் சிரிப்பு அடங்க நாளாகவில்லை. 1933 மார்ச்சில் கோயரிங் நிர்வாண இயக்கத்தை அடக்கும்படி உத்தரவு போட்டார். கோஹின் பள்ளிகள் மூடப்பட்டன. தோலுக்காக, கண்ணுக்காக, குளிருக்காக மறைத்துக்கொண்டவர்களுக்கு இப்போது போலீஸுக்காக மறைத்துக்கொள்ளும் அவசியம் வந்தது. அதுவும் ஒரு நடைமுறைக் காரணம்தான். காரணங்களிலே மிகவும் அற்பமானது.

சட்டத்தோடு சமாதானமாகப் போனவர்களும் உண்டு. பிரான்ஸின் தென்கரைக்கு அப்பால் லெவான் என்று ஒரு தீவு. டாக்டர்களான துர்வில் சகோதரர்கள் 1931-இல் அங்கே 'ஹெலியோபோலிஸ்', அதாவது சூரியபுரி என்று ஒரு நிர்வாணக் கிராமத்தை ஏற்படுத்தினார்கள். கடற்கரையில் எப்படியும் இருக்கலாம். ஆனால் படகுத்துறையிலும் கடைத்தெருவிலும் 'மினிமம்' அணிய வேண்டும் என்று விதி. மினிமம் என்றால் கயிற்றில் கோத்த முக்கோணத் துணி. நம் ஊர்க் கோவணத்துக்குத் தங்கை என்று சொல்லலாம். மளிகை வாங்கப் போகிறவர் அதைக் கட்டிக்கொள்கிறார், திரும்பி வந்ததும் அவிழ்த்துவிடுகிறார். தீவின் பெரும்பகுதி பிரெஞ்சுக் கடற்படை வசம். அங்கே ஏவுகணைச் சோதனை. ஒரு பக்கம் உலகத்தின் மிகச் சிறிய ஆடை, மறுபக்கம் உலகத்தின் மிகப் பெரிய வாணவேடிக்கை.

இம்மாதிரி கிராமங்களின் தினசரி வாழ்க்கையைக் கவனித்தால் துணி எத்தனை வழிகளில் திரும்பி வருகிறது என்பது வேடிக்கையாக இருக்கும். எங்கே போனாலும் கையில் ஒரு துண்டு. நாற்காலியில் அதை விரித்துத்தான் உட்கார வேண்டும். சுத்தத்தை உத்தேசித்த இந்த விதி ஏறக்குறைய எல்லா நிர்வாண சங்கங்களிலும் உண்டு. அடுப்பங்கரையில் நிற்கிறவர் மேலே ஓர் ஏப்ரன். கொதிக்கிற எண்ணெய்க்குக் கொள்கை தெரியாது. நம் வீடுகளில் கடுகு தாளிக்கும்போது இரண்டடி பின்னால் நிற்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பந்து விளையாடப் போனால் பூட்சு. காட்டுப்பாதையில் நடந்தால் கால்சட்டை. இங்கிலாந்திலோ சீதோஷ்ணமே பெரிய விரோதி. 1929-இல் லண்டனுக்கு வடக்கே ஒரு தம்பதியர் ஏற்படுத்திய 'ஷ்பீல்பிளாட்ஸ்' குடியிருப்பு இன்னமும் இருக்கிறது. ஆனால் இங்கிலீஷ் டிசம்பரில் கம்பளிச் சட்டை போட்டுக்கொள்வதை எந்தச் சங்கமும் பாவம் என்று சொன்னதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் தாமதமாக வந்தது. எந்தச் சூரியனைத் தெய்வமாகக் கொண்டாடினார்களோ, அந்தச் சூரியனே. 1928-இல் ஃபிண்ட்லே என்ற விஞ்ஞானி ஊதாக்கதிரைத் தொடர்ந்து பாய்ச்சி எலிகளின் தோலில் புற்றுநோய் உண்டாவதைக் காட்டினார். உடம்பைக் கறுக்கவைப்பதே ஆரோக்கியம் என்று மேல்நாட்டார் கடற்கரைக்கு ஓடிய காலம் அது. யாரும் காதில் வாங்கவில்லை. 1992-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், சூரியக் கதிர் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டது. இளமையில் வாங்கிய வெயிலைத் தோல் மறப்பதில்லை. முதுமையில் கணக்குக் காட்டுகிறது. ஆகவே விவரமறிந்த நிர்வாணவாதி இன்று உச்சிவேளையில் சட்டையையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு மர நிழலுக்குப் போகிறார். லேஸீனில் டாக்டர் ரோலியே வெள்ளைத் தொப்பி மாட்டிவிட்ட அன்றே இந்த ஞானத்தில் பாதி கைவசம் இருந்தது.

இத்தனையையும் அடுக்கிப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. இவர்கள் யாருமே துணியைத் தொலைத்தவர்கள் அல்லர். தாணா ஜட்ஜுக்குக் கோர்ட்டு உடுப்பு இருந்தது; டூகோபார்களுக்கு மூட்டை இருந்தது; லெவான் தீவுக்காரருக்கு மடித்துவைத்த மினிமம் இருந்தது. வெயில் ஏறினால், கொசு கடித்தால், எண்ணெய் தெறித்தால் கையை நீட்டி எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சட்டை கொடியில் தொங்குகிற தைரியத்தில்தான் அவர்களுடைய நிர்வாணம் சுதந்திரமாக இருந்தது.

கொடியே இல்லாதவர்களின் சரித்திரம் வேறு. தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளும் உரிமைக்காகப் பல்லாண்டு போராடினார்கள். அடிபட்டார்கள்; போட்டிருந்த ரவிக்கைகள் கிழிக்கப்பட்டன. 1859-இல்தான் மகாராஜா அனுமதித்துப் பிரகடனம் செய்தார். அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்று ஒரு நிபந்தனை. தாணா ஜட்ஜு ஆடையைத் துறக்கச் சங்கம் வைத்ததற்கு முப்பத்திரண்டு வருஷம் முந்திய சங்கதி இது. அந்தப் பெண்களிடம் போய் நிர்வாணத்தின் சௌகரியத்தைப் பற்றி யார் பேச முடியும்?

1921 செப்டம்பர் 22-ந் தேதி மதுரை மேலமாசி வீதியில் காந்தியடிகள் மேற்சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு முழத்துண்டுக்கு மாறினார். கதர் வாங்கவும் வழியில்லாத ஏழைகளை அந்தப் பயணத்தில் கண்டதன் விளைவு அது. அவருடைய அறிவிப்பை நாம் அடிக்கடி நினைவுகூருகிறோம். ஆனால் அதிலுள்ள ஒரு சிறு வாசகத்தைக் கவனிப்பதில்லை. உடம்பைக் காத்துக்கொள்ள அவசியமாகும்போது மட்டும் மேலே ஒரு போர்வையைப் பயன்படுத்திக்கொள்வேன் என்று அதிலேயே சொல்லிவிட்டார். பத்து வருஷம் கழித்து லண்டன் குளிரில் அந்தப் போர்வையோடுதான் நடமாடினார். அரண்மனைக்கும் அப்படியேதான் போனார். மற்றவர்கள் தங்கள் சௌகரியத்துக்காகத் துணியைக் கழற்றினார்கள். அவர் துணி இல்லாதவர்களை உத்தேசித்துக் கழற்றினார். என்றாலும் குளிர் வந்தால் போர்த்திக்கொள்வேன் என்று முன்கூட்டியே சொல்லி வைத்த அந்த நிதானத்தில், நாற்பது வருஷ விரதம் முடித்த தட்சசீலத் துறவிக்கும் அவருக்கும் ஏதோ உறவு இருப்பதாகவே எனக்குப் படுகிறது.